கர்ப்பப்பைக்குமா செக்ரோல்?

பொங்கோலில் இன்று கித்தா மரம் இல்லை. பன்றிக் கொட்டில் இல்லை. கம்பத்து வீடும் இல்லை. வானத்தை முட்டும் வீவக அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவற்றில் இளந் தம்பதிகளும் கைக்குழந்தைகளும் நிறைந்திருக்கிறார்கள். பிள்ளை பெறுங்கள், இன்னும் பெறுங்கள் என்று அரசாங்கம் கெஞ்சுகிறது. பெற்றால் 2001ஆம் ஆண்டிலிருந்து போனஸ் கொடுக்கிறது. அதே மாடியில், அதே குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுத்துத் தூங்க வைக்கும் பணிப்பெண்ணோ, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போய்த் தான் கர்ப்பமாக இல்லை என்று காட்டிவிட்டு வர வேண்டும். கர்ப்பம் என்றால் பெர்மிட் போகும். பெர்மிட் போனால் அவளும் போவாள். வேலைச் சட்டம் வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பொருந்தாது. ஆகவே பிரசவ விடுப்பு என்ற பேச்சே அவளுக்கு இல்லை.

அந்தப் பணிப்பெண்களில் சிலர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் இலங்கை மலைநாட்டிலிருந்தும் வந்தவர்கள், நம்முடைய சகோதரிகள். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்தவள் கலியாணமாகி இரண்டு பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவளானால், அவள் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவளாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள கலியாணமான பெண்களில் 100க்கு சுமார் 58 பேர் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவர்கள். பிரசவக் கட்டிலிலிருந்து எழுவதற்கு முன்பே ஓர் அரசாங்கம் அவளுக்குக் கருக்குழாயைக் கட்டி அனுப்பியது. கட்டிய அவளையே வருஷத்துக்கு இரண்டு தடவை இன்னோர் அரசாங்கம் கர்ப்பப் பரிசோதனைக்கு அனுப்புகிறது. தோழர்களே, இந்த வேடிக்கையைப் பார்த்துச் சிரிப்பதா, அழுவதா?

“இதெல்லாம் பெண்கள் சமாச்சாரம், சங்கப் பத்திரிகையில் எதற்கு?” என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். சம்பளம், போனஸ், வீடு, பிரசவ அலவன்ஸ் இவை சங்கத்தின் சமாச்சாரம் என்றால், இந்த நான்கையும் காட்டித்தான் தொழிலாளிப் பெண்ணின் வயிற்றை விலை பேசியிருக்கிறார்கள். கிராணிமார்கள் பெயர் கூப்பிட்டுப் புள்ளடி போடும் செக்ரோலைப் போல, அவள் கர்ப்பப்பைக்கும் ஒரு செக்ரோல் திறந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கருத்தடை நல்லது. அது கிராமத்துப் பெண்ணுக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கும் கிடைத்த பெரிய விடுதலைகளில் ஒன்று. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு, இருட்டில் பெரட்டுக்கு ஓடி, மங்கு துடைத்து, உளி பிடித்து, வாளி சுமந்து, வீடு திரும்பிச் சோறாக்கி, மறு வருஷம் மறுபடியும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிரைக்குப் போன நம் தாய்மார்களின் கதையை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்துப் பெற்று ஐந்தைப் புதைத்த தலைமுறை அது. அந்தக் காலம் பொற்காலம் என்று எவனாவது மேடையில் பேசினால், அவன் பிள்ளை பெறாதவன் என்று அர்த்தம்.

1929ஆம் ஆண்டுக் கடைசியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போனவர் பெரியார். கர்ப்பத்தடை என்றாலே காதைப் பொத்திக்கொண்ட அந்தக் காலத்தில் அவர் அதைப் பற்றிக் குடி அரசில் எழுதினார். எழுதினதைவிட எழுதின காரணம் முக்கியம். பெண்ணின் தேக நலத்துக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்றார்கள் சிலர். சொத்து சிதறாமலிருக்க வேண்டும் என்றார்கள் வேறு சிலர். நாட்டில் தரித்திரம் குறைய வேண்டும் என்றார்கள் இன்னும் சிலர். பெரியார் இவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்து, பெண் சுயேச்சை பெறுவதற்காக வேண்டும் என்றார். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், தோழர்களே. பின்னால் வந்த சர்க்கார்களும் துரைமார்களும் கர்ப்பத்தடையை எடுத்துக்கொண்டார்கள்; அவர் சொன்ன காரணத்தை மட்டும் தொடவில்லை.

பொங்கோலுக்குத் திரும்புவோம். அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டங்கள் இருந்தன. பக்கத்தில் புவாங்கோக் என்ற பெயரே சிங்கப்பூர் யுனைட்டட் ரப்பர் பிளாண்டேஷன்ஸ் என்ற கம்பெனியின் சீனப் பெயரிலிருந்து வந்தது. மரம் போன பிறகு பன்றிப் பண்ணைகள் நின்றன. 1990 வாக்கில் அவையும் போயின. பன்றி வளர்த்த சீனக் குடும்பங்களும் கடற்கரையோர மலாய்க் குடும்பங்களும் வாழ்ந்த அப்படிப்பட்ட நாட்டுப்புறத்துக்குத்தான், 1927 முதல் ஐடா சிம்மன்ஸ் என்ற தாதி தாய்சேய் நலப் பணியைக் கொண்டுபோனார். தாதிகள் கம்பம் கம்பமாக நடந்து, பிள்ளைகளை நிறுத்து, தாய்மார்களுக்குப் புத்தி சொல்லி வந்தார்கள். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகல்லவா அடுத்ததைத் தள்ளிப் போடலாம் என்ற எண்ணம் ஒரு தாய்க்கு வரும்!

1949இல் சிங்கப்பூரில் குடும்பத் திட்டச் சங்கம் பிறந்தது. அதை முன்நின்று நடத்திய கான்ஸ்டன்ஸ் கோ, யுத்தத்துக்குப் பிறகு பட்டினிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட நிலையங்களில் பணி செய்தவர். சோற்றுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து வந்த வேகம் அது. கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. வேறு பலரும் ஏசினார்கள். பெண்கள் அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டே கிளினிக்குக்கு வந்தார்கள். யாரும் அவர்களை இழுத்து வரவில்லை. யாரும் காசு கொடுக்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. வேண்டுமென்று தோன்றியது, வந்தார்கள். இந்தச் சின்னச் சங்கதியைப் பிற்பாடு திட்டம் போட்ட பெரிய மனிதர்கள் மறந்துபோனார்கள்.

தேக்காவுக்குப் பக்கத்திலிருந்த கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் 1966ஆம் ஆண்டு ஒரே வருஷத்தில் 39,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. உலகத்தில் வேறெந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத கணக்கு அது. அதே 1966இல் அரசாங்கம் குடும்பத் திட்ட, மக்கள்தொகை வாரியத்தை ஏற்படுத்தி வேலையைத் தன் கையில் எடுத்தது. கிளினிக்குகள் பெருகின. மாத்திரையும் உறையும் மலிவாகக் கிடைத்தன. பிள்ளை பெற்ற கட்டிலருகிலேயே தாதி வந்து பேசினாள். இதையெல்லாம் குறை சொல்ல நாம் வரவில்லை, நன்றாகச் செய்தார்கள்.

ஆனால் அத்தோடு நின்றார்களா? 1972இல் “இரண்டோடு நிறுத்து” என்ற கோஷம் கிளம்பியது. 1973இல் கோஷத்துக்குக் கையில் பிரம்பு கொடுத்தார்கள். பிள்ளையின் எண்ணிக்கை ஏற ஏற அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவக் கட்டணமும் ஏறும். ஆபரேஷன் செய்துகொண்டால் கட்டணம் இல்லை. மூன்றாம் பிள்ளைக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு இல்லை. பெரிய குடும்பம் என்பதற்காக வீவக வீட்டுக்கு இருந்த முன்னுரிமை போயிற்று. பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புச் சேர்க்கையிலும் ஆபரேஷன் செய்த பெற்றோரின் பிள்ளைக்கு முந்திய இடம்.

இந்தப் பிரம்பு யார் முதுகில் விழுந்தது? பங்களாக்காரன் அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டுக்குப் போகிறானா? வீவக வீட்டுக்கு வரிசையில் நிற்கிறானா? பன்றிக் கொட்டிலைக் காலி செய்து வீவக வீட்டுக்குப் போக வேண்டியிருந்த பண்ணைக்காரனும், தெருக் கூட்டியவனும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும்தான் அந்த வரிசையில் நின்றவர்கள். அவர்களுடைய மனைவிமார் ஆபரேஷன் மேசையில் படுத்ததை “சுய விருப்பம்” என்று சட்டப் புத்தகம் எழுதிக்கொண்டது. 1970இல் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் பெயரே சுய விருப்பக் கருத்தடைச் சட்டம்தான்! ஒரு கையில் வீட்டுச் சாவியையும் மறு கையில் கத்தியையும் காட்டினால், அது எப்படிச் சுய விருப்பமாகும் என்று கேட்கிறோம்.

இன்னும் கேளுங்கள். 1984இல் வந்தது பெரிய கூத்து. பட்டதாரித் தாய்மார் நிறையப் பெற வேண்டும்; அவர்கள் பெறும் பிள்ளைக்குப் பள்ளியில் முன்னிடம் என்று ஒரு திட்டம். அதே ஆண்டில், படிப்புக் குறைந்த, சம்பளம் குறைந்த, முப்பது வயது ஆகாத பெண், ஒன்றிரண்டு பிள்ளைகளோடு ஆபரேஷன் செய்துகொண்டால் மத்திய சேம நிதியில் 10,000 வெள்ளி என்று இன்னொரு திட்டம். படித்தவளே பெறு, பாட்டாளியே கட்டு! கல்லூரிச் சர்டிபிகேட்டைப் பார்த்துக் கர்ப்பப்பைக்கு விலை போட்டார்கள். பட்டதாரிகளே இந்தச் சலுகை வேண்டாம் என்று ஆத்திரப்பட்டார்கள். அடுத்த ஆண்டே அந்த முதல் திட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். ஏழைக்குப் பேசிய 10,000 வெள்ளியை அப்போதும் விலக்கவில்லை.

1975லேயே பிறப்பு விகிதம் வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. பிரம்பைக் கீழே வைக்க யாருக்கும் தோன்றவில்லை. 1987இல் திடீரென்று விழித்துக்கொண்டு, “மூன்று அல்லது அதற்கு மேல், வசதியிருந்தால்” என்று கோஷத்தைத் திருப்பிப் போட்டார்கள். அந்த “வசதியிருந்தால்” என்ற வாலைக் கவனித்தீர்களா? 2023இல் விகிதம் 0.97க்கு வந்து நிற்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூடத் தேறவில்லை. பதினைந்து வருஷம் பெறாதே என்று விரட்டியவர்கள், முப்பது வருஷத்துக்கு மேலாகப் பெறு பெறு என்று காசைக் காட்டுகிறார்கள். பெண்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

சிங்கப்பூர்க் கதை நமக்கு எதற்கு, நாம் தோட்டத்து ஆட்கள் என்று நினைக்கும் தோழர்கள் இனி வருவதைக் கவனித்து வாசிக்க வேண்டுகிறோம். இது முழுக்க முழுக்கத் தோட்டத்துக் கணக்கு.

நீலகிரியில் 1971ஆம் ஆண்டு மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டம் தொடங்கியது. நடத்தியது யுபாசி என்னும் தென்னிந்தியத் தோட்ட முதலாளிமார் சங்கம். யோசனை தந்தவர் ரானல்ட் ரிட்கர் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பண்டிதர். பிள்ளை பெறும் வயதிலுள்ள ஒவ்வொரு தோட்டப் பெண்ணின் பெயரிலும் ஒரு கணக்கு. அவள் கர்ப்பமாகாத ஒவ்வொரு மாதத்துக்கும் அதில் 5 ரூபாய் போடப்படும். மூன்றாம் பிள்ளை பிறந்தால் கொஞ்சம் வெட்டு, நான்காவதுக்கு இன்னும் வெட்டு, ஐந்தாவதுக்கு எல்லாம் போச்சு. மிச்சமிருப்பது கைக்கு வருவது, பிள்ளை பெறும் காலமெல்லாம் முடிந்து அவள் வேலையை விட்டு ஓயும்போது. பெயர் என்ன தெரியுமா? “பிள்ளை பெறாத போனஸ்”!

கிராணித் தோழர்களே, பேனாவை எடுங்கள். மாதம் 5 ரூபாய், வருஷத்துக்கு 60 ரூபாய். இருபது வருஷம் வயிற்றைக் கட்டிக் காத்தால் 1,200 ரூபாய், வட்டி வேறு. முதலாளி தருமம் செய்தானா? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவன் தலையில் சில கடமைகளை வைத்திருந்தது. பிரசவச் சம்பளம், ஆயாக் கொட்டகை, ஆஸ்பத்திரி, வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒவ்வொரு பிள்ளையும் அவன் பேரேட்டில் ஒரு செலவு. அந்தச் செலவில் மிஞ்சுவதில் ஒரு சிறு துண்டைப் பெண்ணின் பெயரில் போட்டு, மீதியைத் தான் வைத்துக்கொள்வது என்பதுதான் கணக்கு. இதைத் திட்டக்காரர்கள் மறைக்கவும் இல்லை; தோட்டத்துக்கு லாபம் என்று வெளிப்படையாகவே வாதம் செய்தார்கள். பெண்ணுக்குக் கொடுக்கச் சட்டம் சொன்ன சலுகையே, அவள் வயிற்றை மூடச் சொல்லும் காரணமாக மாறியது! அந்தக் கணக்குப் புத்தகத்தில் புருஷன் பெயர் எங்கே? இல்லை. அவனுக்குப் பிரசவ அலவன்ஸ் கிடையாதே. அவனால் முதலாளிக்கு என்ன மிச்சம்?

ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளை கருவிலே கலைந்து போகலாம், பெற்றது இறந்து போகலாம், மறுபடியும் பெற ஆசை வரலாம். அந்த ஆசைக்கு எதிரே ஒரு சேமிப்புப் புத்தகத்தை நீட்டுவது எந்த ஊர் நியாயம்? மாத்திரையும் உறையும் காப்பர் டியும் இலவசமாகக் கொடு, டிரசர் அறையில் வை, வேண்டும் என்பவள் எடுத்துக்கொள்ளட்டும், அது சேவை. எடுத்தவளுக்குப் புள்ளடி, எடுக்காதவளுக்குக் கழிவு என்றால் அது கூலிக் கணக்கு.

இலங்கை மலைநாட்டில் வேறு மாதிரி நடந்தது. 1980 முதல் ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு அரசாங்கம் ரொக்கம் கொடுத்தது. அந்தத் தொகை 500 ரூபாய் வரை ஏறியது. கையில் காசே தங்காத லயத்தில் 500 ரூபாய் என்றால், அது கடனையும் அடகுக் கடையையும் கலியாணச் செலவையும் நினைவுபடுத்தும், வயிற்றை நினைவுபடுத்தாது. பல வருஷங்கள் பிரஜா உரிமையே இல்லாதிருந்த அந்த மக்களிடம் கத்தியையும் காசையும் காட்டியபோது, அவர்கள் அதை எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மலேசியா பின்வாங்கவில்லை. 1966இல் தேசியக் குடும்பத் திட்ட வாரியத்துக்குச் சட்டம் செய்து, தோட்டங்களுக்குள்ளும் மாத்திரையைக் கொண்டுவந்தது. 1984இல் அப்படியே திரும்பி, 2100ஆம் ஆண்டுக்குள் நாட்டில் ஏழு கோடிப் பேர் வேண்டும் என்று கொள்கை அறிவித்தது. அப்போது இருந்ததோ ஒன்றரைக் கோடி. சரி, பெறச் சொல்கிறார்களே, பிரசவ அலவன்ஸாவது தாராளமா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, உயிரோடு ஐந்து பிள்ளைகள் உள்ளவளுக்கு அடுத்த பிரசவத்துக்கு அலவன்ஸ் கிடையாது. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தினார்கள், வரவேற்கிறோம். அந்த ஐந்து என்ற கோட்டை மட்டும் அழிக்கவில்லை.

இப்பொழுது நம்மவர்களுக்குள்ளேயே ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. “மலேசியாவில் இந்தியர் 100க்கு 7 பேருக்கும் கீழே போய்விட்டோம், நம் பெண்கள் கருத்தடையை விட்டுவிட்டு நாலைந்து பெற வேண்டும்” என்று கலியாண மேடைகளிலும் கோயில் கூட்டங்களிலும் உபதேசம் செய்கிறார்கள். இந்த ஐயாமார்களை ஒன்று கேட்கிறோம். 1969க்குப் பிறகு வேலைப் பெர்மிட் சட்டம் வந்து, பிரஜா உரிமைக் காகிதம் இல்லாத ஆயிரக்கணக்கான தோட்ட மக்கள் பெட்டி படுக்கையோடு கப்பல் ஏறினார்களே, அன்றைக்கு நம் தொகை குறைந்தது பெண்கள் மாத்திரை விழுங்கியதாலா? தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்திலிருந்து தெருவுக்கு வந்த குடும்பம் எத்தனை? அங்கே நின்று வாதாட வக்கில்லாதவர்கள், நம் தொகைக் கணக்கை இருபத்தைந்து வயதுப் பெண்ணின் இடுப்பில் ஏற்ற வருகிறார்கள். அரசாங்கம் குறை என்றாலும் இனத் தலைவன் கூட்டு என்றாலும், சுமப்பவள் அவள்தான்.

ஆத்திரத்தோடு இன்னொரு சங்கதியையும் எழுத வேண்டியிருக்கிறது. 2014 நவம்பர் 8ஆம் நாள், சத்தீஸ்கர் மாநிலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், மூடிக் கிடந்த ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் முகாம் போட்டு, சில மணி நேரத்துக்குள் 83 கிராமத்துப் பெண்களுக்கு ஒரே டாக்டர் ஆபரேஷன் செய்தார். பால்மரத்தில் ஒரு நிரையை வெட்டி முடிப்பதற்குள் முடித்துவிட்டார் என்று சொல்லலாம். அந்த முகாமிலிருந்து வீடு திரும்பிய பெண்களில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். எல்லாம் ஏழைகள், தாழ்த்தப்பட்டவர்கள், கைக்குழந்தைக்காரிகள். 1996லேயே இலக்கு முறையை ஒழித்துவிட்டோம் என்று டில்லி சொல்லியிருந்தது; முகாம் நடந்த முறையில் இலக்கின் அவசரம் அப்படியே இருந்தது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் இந்த முகாம்களை நிறுத்து என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த 83 பேரும் பெண்கள். ஏன்? இங்கேதான் நம் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆணுக்குச் செய்யும் ஆபரேஷன் வயிற்றைத் திறக்காமல், கால் மணி நேரத்தில், படுக்கை போடாமல் முடிகிற காரியம். பெண்ணுக்குச் செய்வது அதைவிடப் பெரியது, ஆபத்தும் கூடியது. ஆனாலும் 2019-21 கணக்கில் இந்தியாவில் 100க்கு 38 பெண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய புருஷன்மாரைக் கணக்கிட்டால் ஆயிரத்துக்கு மூன்று பேர். தமிழ்நாட்டில், பெரியார் பிறந்த மண்ணில், ஆயிரத்துக்கு ஒருவர்! எப்போதுமா இப்படி? இல்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல், இந்தியாவில் எண்பது லட்சத்துக்கு மேல் ஆபரேஷன் செய்தார்கள். அதில் அறுபது லட்சத்துக்கு மேல் ஆண்கள். ஆசிரியருக்கும் கிராம அதிகாரிக்கும் இலக்கு வைத்து, ஆட்களைப் பிடித்துவரச் செய்தார்கள். அக்கிரமம்தான். 1977 தேர்தலில் ஆட்சியே கவிழ்ந்தது. அதற்குப் பிறகு வந்த சர்க்கார்கள் கற்ற பாடம் என்ன? யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பதா? இல்லை. ஆணைத் தொட்டால் ஓட்டுப் போகும், பெண்ணைத் தொட்டால் போகாது என்பது!

ஆபரேஷன் செய்தால் மரம் வெட்ட முடியாது, காண்டா தூக்க முடியாது, ஆண்மை போய்விடும் என்று கள்ளுக்கடையில் பேசுகிற தோழனுக்கு ஒரு வார்த்தை. போவதெல்லாம் விந்தணு மட்டும். பலமும் போகாது, ஆசையும் போகாது, மீசையும் உதிராது.

உறை போட வெட்கப்படும் தோழனுக்கும் ஒன்று சொல்கிறோம். அந்த உறை எதில் செய்தது? நீ விடியற்காலையில் போய் வடிக்கும் பாலில் செய்தது. திருவனந்தபுரத்தில் இந்திய அரசாங்கம் 1966இல் இந்துஸ்தான் லேட்டக்ஸ் என்ற கம்பெனியை ஏற்படுத்தியதே அதற்காகத்தான். 1968இல் நிரோத் என்ற பெயரில் மூன்று உறையைப் பதினைந்து காசுக்கு டீக்கடை, பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோனார்கள். இன்றைக்கு உலகத்திலேயே அதிக உறை செய்யும் கம்பெனி நம் ஜொகூரில், பொந்தியானில் ஆலை வைத்திருக்கிறது. உலகத்தில் ஐந்துக்கு ஒன்று அவர்கள் செய்தது என்கிறார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் பால் வடித்துக் கொடுத்தவன் வீட்டில், மனைவி மாத்திரை விழுங்கித் தலைசுற்றிப் படுக்கிறாள், அல்லது வயிற்றைக் கிழித்துக்கொள்கிறாள். வெட்கப்பட வேண்டிய இடம் இது; கடையில் உறை கேட்கும் இடம் அல்ல.

பெண்ணுக்கும் ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்பது இல்லை. மாத்திரை இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி இருக்கிறது, காப்பர் டி இருக்கிறது. அவற்றை நிறுத்தினால் மறுபடி பெறலாம். எது தனக்கு ஒத்துவருகிறது, எதில் என்ன தொந்தரவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்மானிக்க அவளுக்கு நேரமும் மரியாதையும் வேண்டும். ஐந்து நிமிஷத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு மேசையில் ஏற்றுவதைக் குடும்ப நலம் என்று நாம் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை.

ஆகவே நம் கிளைகள் இனி ஒப்பந்தம் பேசும்போது, கூலிக்கும் போனஸுக்கும் பக்கத்தில் இதையும் வைக்க வேண்டும். கிளினிக்குக்குப் போகிற நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. ஆபரேஷன் செய்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளத்தோடு ஓய்வு வேண்டும். பிரசவ அலவன்ஸில் ஐந்து என்ற கோடு அழிய வேண்டும். ஆறாம் பிள்ளையின் பசி ஐந்தாம் பிள்ளையின் பசியைவிடக் குறைந்ததல்ல. கருத்தடை செய்ததற்கோ செய்யாததற்கோ வீட்டிலும் வேலையிலும் ஒரு சதம் சலுகையும் வேண்டாம், ஒரு சதம் தண்டனையும் வேண்டாம். தோட்டத்துக்கு வேலைக்கு வரும் இந்தோனேசியச் சகோதரிக்கும் போமேமா பரிசோதனையில் கர்ப்பம் என்றால் வேலை கிடையாது, திரும்பிப் போ என்கிறார்கள். அவள் நம் சங்கத்து ஆளா என்று கேட்கும் கிளைத் தலைவர்களுக்கு, அவள் வெட்டுவது நம் மரம்தான் என்பதை நினைவூட்டுகிறோம்.

சிங்கப்பூரில் 2016இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் வீட்டுப் பணியாளர்களுக்கென்று ஒரு நிலையம் திறந்தது. பணிப்பெண்களுக்கு மாதம் ஒரு நாளாவது பறிக்க முடியாத ஓய்வுநாள் வேண்டும் என்பது 2023இல்தான் சட்டமானது. ஓய்வுநாளைக் கேட்டு வாங்கிய அதே குரலில், ஆறு மாதக் கர்ப்பப் பரிசோதனையையும் கேட்க வேண்டும். தொற்று நோயைப் பார், அவள் உடம்புக்கு நல்லது. கர்ப்பத்தைப் பார்த்துப் பெர்மிட்டை வெட்டுவது எந்த வைத்தியம்? அவள் கர்ப்பமானால் அவளுக்குச் சொல். வைத்துக்கொள்வதா வேண்டாமா, ஊருக்குப் போவதா இருப்பதா என்று அவளிடம் கேள். அந்த ஊரில் ஒயிலாகப் போட்ட பொங்கோல் பல மருந்தகத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்வருகிறாளே, அங்கே தனக்கென்று ஒரு மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கவும், அதை எஜமானியிடம் காட்டாமல் தன் பையில் வைத்துக்கொள்ளவும் அவளுக்கு வழியிருக்க வேண்டும்.

தோட்டத்து டிரசர் அறைகளுக்கும் அதேதான். மாத்திரைப் பெட்டியும் உறைப் பெட்டியும் பூட்டின அலமாரிக்குள், டிரசர் சாவியோடு இருக்கக் கூடாது. கதவுக்கு வெளியே, கையெட்டும் உயரத்தில், பெயர் எழுதும் புத்தகம் இல்லாமல் இருக்க வேண்டும். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் தாய்மார்கள் முதல் கேள்வியாக இதைக் கேட்கட்டும். ஆண் தோழர்கள் எழுந்து ஆதரித்துப் பேசட்டும்.